செவ்வாய்க்கிழமை யாருடையது

அந்த வீடியோ பரவிய வாரத்தில் எங்கள் மையத்துக்கு வந்து குவிந்தவை கேக்குகள்தான். மதுரைப் பக்கம் இளவட்டங்களுக்கு யாருக்காவது நல்லது செய்யவேண்டும் என்று தோன்றினால் முதலில் ஞாபகம் வருவது பிறந்தநாள். காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். எங்கள் பிள்ளைகளைச் சுற்றி நின்று, யாருக்கோ வாழ்த்துப் பாடி, கேக் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கேக்கை விழுங்க வராது, புரையேறிவிடும். பிசியோதெரபிஸ்ட் அம்மா டப்பாக்களை வாசலிலேயே மறித்துவிடுவார். திருப்பி அனுப்பினால் மனம் நோகுமே என்று அத்தனையையும் நானும் டிரைவர் அண்ணனும் தின்றோம். கிரீம் வாசனை வந்தாலே எனக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது.

மையம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். திருப்பரங்குன்றம் போகிற சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரு வாடகை வீடு. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளைகளுக்குப் பகலில் கை கால் பயிற்சி கொடுக்கிறோம். நான் மிஷன் பள்ளியில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். இங்கே என் வேலை ஆள் பிடிப்பது. கேட்கக் கேவலமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

தினமும் காலையில் எங்கள் வேன் காளவாசல் சிக்னலிலிருந்து மேற்கே கிளம்பும். வெறும் வண்டியாகக் கடைசி ஊர் வரைக்கும் போய்விட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். வேனில் இரண்டு பேர் கூடப் போகவேண்டும். வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும், சீட்டில் வைத்துப் பெல்ட் போடவேண்டும், வழி நெடுகக் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். டிரைவர் அண்ணனுக்கு முதுகில் தகராறு, கனம் தூக்கக்கூடாது. இந்த வேலைக்கு இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. அதனால் ஆள் கிடைக்காத நாட்களில் வேன் பாதி வழியிலேயே திரும்பிவிடும். கடைசி ஊர் விடுபட்டுப் போகும்.

அந்தக் கடைசி ஊரில்தான் அவள் இருந்தாள். ஒன்பது வயதுப் பெண். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியலில் போய்விடுகிறவள். வருடக்கணக்காக உட்கார்ந்தும் படுத்தும் கிடந்த அந்தப் பிள்ளை, எங்கள் பயிற்சி அறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் தானாக எழுந்து நின்றாள். நின்றுகொண்டே எல்லாரையும் ஒரு முறைப்பு முறைத்தாள். பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப விட்டோம்னா காலு மறுபடி இறுகிரும். அப்புறம் ஆபரேசன்தான். இந்தப் பிள்ளை ஒரு நாள்கூட விடாம வரணும். அது ஒங்க பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

வீடியோ எடுத்தவள் ஒரு கல்லூரி மாணவி. காமர்ஸ் கடைசி வருடம். நிழலில்லாத பஸ் ஸ்டாப், தண்ணீர் வராத லேடீஸ் டாய்லெட் என்று எதையாவது பிடித்து ரீல்ஸ் போட்டுச் சண்டை இழுக்கிறவள். அவளுக்கென்று பெரிய கூட்டம் இருந்தது. ஒரு நாள் வகுப்போடு மையத்தைப் பார்க்க வந்தவள், பிள்ளையின் தாயிடம் போனில் சம்மதம் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை நிற்பதை எடுத்துப் போட்டாள். கடைசி ஊருக்கு வேன் போக ஆள் இல்லை என்பதையும் சொன்னாள். அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. "நாங்க இருக்கோம்" என்று ஆளாளுக்குப் போட்டார்கள். அதையே ஹேஷ்டேக் ஆக்கி, ப்ரொஃபைல் படத்தை மாற்றி, நெஞ்சில் கை வைத்த பொம்மையெல்லாம் போட்டு ஒரே அமர்க்களம். நான் வாசித்து வாசித்து அழுதேன். என் கணவர், "அழுகுறத உக்காந்து அழேன், எதுக்கு வீடு பூரா நடந்துக்கிட்டே அழுகுற?" என்றார்.

வந்த எல்லாரிடமும் நான் ஒன்றையே சொன்னேன். "எப்ப வேணும்னாலும் வாங்க தம்பி, எப்ப வேணும்னாலும் வாங்கம்மா." வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்! அன்றைக்கு மையம் பூட்டியிருக்கும். நான் சர்ச்சில் இருந்தேன். போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணப் பண்ண என் போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எழுந்து ஓடி, ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தால், பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஒரு பட்டாளம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை காளவாசலில் வேன் நின்றபோது ஒரு ஈ காக்கை இல்லை.

அடுத்து வந்த வாரங்களில் நானே வேனில் போனேன். கூட யாராவது அகப்பட்டால் உண்டு, இல்லையென்றால் நான் மட்டும். எனக்கு மூட்டுவலி ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல் வந்து படுத்தேன். நான் எழுந்து போனபோது கடைசி ஊருக்கு ஒரு வாரமாக வண்டி போகவில்லை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையைக் கம்பி அருகே நிறுத்திப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா குனிந்து அவள் பாதத்தை அழுத்தினார். குதிகால் தரையில் படியவில்லை. பிள்ளை வலியில் என் புடவையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் காமர்ஸ் பெண்ணைப் போனில் கூப்பிட்டுக் காளவாசலுக்கு வரச் சொன்னேன்.

ஜூஸ் கடை வாசலில் வைத்து அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். "நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்னு போட்டீங்களே, எங்கம்மா இருக்கீங்க? அம்புட்டும் போனுக்குள்ளதானா?" என்று கத்தினேன். சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

அவள் பயப்படவில்லை. "அக்கா, போட்டவுங்க யாரும் பொய்யாப் போடல. நீங்க எந்தக் கிழமைன்னு சொன்னீங்களா?"

"எப்ப வேணும்னாலும் வரலாம்னு சொன்னேனே!"

"அதத்தான் சொல்றேன். அப்படிச் சொன்னா இன்னிக்கு வேற யாராச்சும் போயிருப்பாங்கன்னு நெனச்சுப் படுத்துக்கிருவோம்க்கா. நானே அப்படித்தான் படுத்துக்கிட்டேன். எனக்கு ஒரு கிழமையக் குடுங்க. அது என்னோட கிழமை. நான் வராட்டி என்னக் கேளுங்க."

எரிச்சலில் வாய்க்கு வந்த கிழமையைச் சொன்னேன். "செவ்வா."

அன்று சாயங்காலம் அவள் வேனின் காலி சீட்டைப் படமெடுத்து ஒரு ரீல்ஸ் போட்டாள். பரிதாபமான பாட்டு இல்லை, கண்ணீர் இல்லை. "செவ்வாக்கிழமை எங்க காமர்ஸுக்கு. மத்த கிழமைக்கு மதுரையில ஆம்பள பொம்பள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. உதவி கேட்கிற தொனியா இது? ஆனால் கமெண்டில் தீப்பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் திங்களையும் வெள்ளியையும் கேட்டார்கள். வியாழக்கிழமைக்குக் காளவாசல் பக்கத்துத் தெருவில் இருக்கிற ரசிகர் மன்றம் ஒன்று துண்டு போட்டது. அவர்களுடைய நடிகருக்குப் பரம எதிரியான நடிகரின் ரசிகர்களும் அதே வியாழனைத்தான் கேட்டார்கள். புதன் தருகிறேன் என்றேன். வேண்டாம், வியாழன்தான் வேண்டும் என்று நாள் முழுக்க என்னோடு சண்டை. கடைசியில் என்னவோ தியாகம் செய்கிற மாதிரி புதனை வாங்கிக்கொண்டார்கள்.

இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் போகும்போது பொறி தட்டியது. மண்டகப்படிதான் இது. அழகர் இறங்கி வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒவ்வொரு கூட்டத்தார் உரிமை வைத்திருப்பார்கள். அங்கே சாமி வந்து நிற்க வேண்டும், செலவும் உழைப்பும் அவர்களுடையது. அதை யாரும் உதவி என்று சொல்வதில்லை. யாராவது விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பார்க்கட்டும், வெட்டுக்குத்தே நடக்கும். நான் கிறிஸ்தவப் பெண், எனக்கு அதில் பங்கு கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு அது தெரியாமல் இருக்க முடியுமா? எங்கள் சபையில் மட்டும் என்ன வாழ்ந்தது? சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கிற அம்மாக்களிடம் வேறு ஒருத்தி கத்தியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் தெரியும் சங்கதி.

வேன் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அந்தப் பிள்ளையின் குதிகால் மெல்லத் தரைக்கு இறங்கியது. கம்பியை விட்டு ஒரு கையை எடுக்கப் பழகினாள். நானும் நிம்மதியாக இருந்திருக்கலாம். என் குணம் விட்டால்தானே.

ஒரு வியாழக்கிழமை ரசிகர் மன்றப் பையன்களைக் காணவில்லை. வேன் கிளம்புகிற நேரம் தாண்டிவிட்டது. போன் எடுக்கவில்லை. நான் ஜூஸ் கடைக்கும் சிக்னலுக்கும் நடையாய் நடந்தேன். பிள்ளை, காலை நிமிர்த்திப் பிடிக்கிற காலிப்பரை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாளே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொறுக்கமாட்டாமல் காமர்ஸ் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பக்கத்தில் குடியிருந்த இரண்டு பேர் தலைகூடச் சீவாமல் ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள். வேன் போயிற்று. அப்பாடா என்று நான் ஒரு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் மன்றத்துப் பையன்கள் வந்துவிட்டார்கள். பைக்குகளில், கைநிறையப் பூமாலைகளோடு. அன்றைக்கு அவர்கள் நடிகருடைய பிறந்தநாளாம். கட்அவுட்டுக்குப் போடுகிற மாலையை இந்த வருடம் நம்ம வேனுக்குப் போடுவோம் என்று முடிவு செய்து, விடியலிலேயே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய், கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வேன் எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன்.

அவர்களில் மூத்தவன் மாலையைத் தோளில் போட்டபடி என்னையே பார்த்தான். "எங்க நாளுல இன்னொருத்தர எப்படிக்கா ஏத்துனீங்க?" என்றான்.

"நேரமாயிருச்சேப்பா. அந்தப் பிள்ளை காத்துக்கிட்டு..."

"காத்துக்கிட்டு இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? அஞ்சு நிமிசம் நிக்க முடியலையா ஒங்களுக்கு?"

மாலைகளை ஜூஸ் கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மத்தியானமே எதிர் நடிகரின் ரசிகர்கள், "வேன் போயிருச்சு மாப்ள" என்று மீம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். இவர்கள் பதிலுக்கு, எங்கள் நாளை மையம் அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்று வீடியோ போட்டார்கள். எங்களை ஊரறியச் செய்த அதே போன்கள் இப்போது எங்களை நாறடித்தன. அப்படியென்றால் எங்கள் நாளுக்கும் உத்தரவாதம் இல்லையா என்று ஹாஸ்டல் பையன்கள் கேட்டார்கள். கிழமைக்காரர்களுக்கென்று வைத்திருந்த வாட்ஸப் குரூப்பிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அடுத்த வியாழன் யாரும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. பிள்ளையின் அம்மா போன் செய்து, "வண்டி வருமா டீச்சர்? நான் வேலைக்குப் போகவா, இருக்கவா?" என்று கேட்டாள். என்ன சொல்வேன் அவளிடம்? எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

காமர்ஸ் பெண்ணிடம் யோசனை கேட்டேன். "இதுக்கு ஸ்டேட்டஸ் போட்டு மன்னிப்புக் கேக்காதீங்கக்கா. இன்னும் அசிங்கமாயிரும். நேரா அவுங்க தெருவுக்குப் போங்க" என்றாள். போனேன். மன்றப் போர்டுக்குக் கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். நான் உட்காராமல் நின்றுகொண்டே பேசினேன்.

"தப்பு என்னுதுதான். வியாழன் ஒங்களது. இனிமே நீங்க வார வரைக்கும் வேன் நிக்கும். நான் வேற யாரையும் கூப்புட மாட்டேன், நானும் ஏற மாட்டேன். நீங்க வராட்டி அன்னிக்கு அந்தப் பிள்ளை வீட்டுலயே கெடக்கட்டும்."

 கடைசி வார்த்தையை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல்தான் சொன்னேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். பிறகு அந்த மூத்தவன், "அதெல்லாம் கெடக்காதுக்கா. நீங்க போங்க, நாங்க வாரோம்" என்றான்.

வியாழக்கிழமை எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். அப்புறம் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். நான் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாராவது தாமதித்தால் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். டிரைவர் அண்ணன், "டீச்சர், ரோட்டுல குழி விழுந்துரப் போகுது, ஓரமா நில்லுங்க" என்று கேலி செய்வார்.

ஏப்ரலில் கடைசி வருடத்துப் பிள்ளைகள் எல்லாரும் தேர்வெழுதி முடித்தார்கள். காமர்ஸ் பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமைக்காரர்கள் அத்தனை பேரும் அவள் வகுப்பு. ஒருத்தர் பாக்கியில்லாமல் ஊரைவிட்டுப் போகிறார்கள். "அடுத்து யாரும்மா?" என்று கேட்டேன். "பாத்துக்கிருவோம்க்கா" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாள். பாத்துக்கிருவோம் என்றால் என்ன அர்த்தம்? மே மாத வெயிலில் மையம் மூடியிருந்தபோது நான் அதையே அரைத்துக்கொண்டிருந்தேன். ரீல்ஸ் பண்ணுகிற பிள்ளைகளை நம்பி ஒரு குழந்தையின் காலை ஒப்படைத்துவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வீட்டில் ஃபேனுக்கடியில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்தேன்.

ஜூனில் மையம் திறந்தது. திங்கட்கிழமை ஹாஸ்டல் பையன்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காளவாசலில் யாரும் இல்லை.

சிக்னல் விழுந்தது, எழுந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு காலேஜ் பையையும் ஆவலோடு பார்த்தேன். ஒவ்வொன்றும் என்னைத் தாண்டிப் போயிற்று. ஜிப்பைத் திறந்து போனை எடுத்துச் சென்னைக்கு அடித்தேன். அவள் எடுக்கவில்லை. ஆபீஸில் இருப்பாள். "டீச்சர், கெளம்புவோமா?" என்றார் டிரைவர் அண்ணன். "இருங்கண்ணே" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி இருங்கள் என்றேன். வெயில் ஏறிவிட்டது. வேறு கிழமைக்காரர்கள் யாரையும் கூப்பிடமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறவில்லை. நானும் ஏறமாட்டேன் என்று சொன்னதை மீறினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவ்வளவுதான், இதுதான் நடக்கும் என்று எனக்கு முதலிலேயே தெரியுமே என்று வழியெல்லாம் டிரைவர் அண்ணனிடம் புலம்பிக்கொண்டு போனேன். அவர் பாவம், ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

கடைசி ஊரில் வேன் திரும்பி நின்றது. அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மண்ணில் உட்கார்ந்து பிள்ளையின் காலிப்பர் வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி குனிந்து தோளைக் கொடுத்திருந்தாள். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றேன்.

"செகண்ட் இயர் காமர்ஸ், டீச்சர். அக்கா எங்க வகுப்புக்குக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் உட்கார்ந்திருந்தவள். "எங்களுக்குப் பக்கத்து ஊருதான். இதுக்காகக் காளவாசல் போயிட்டுத் திரும்பி வரணுமேன்னு நேரா இங்க வந்துட்டோம். எப்படிப் பூட்டணும்னு லீவுலயே வந்து பழகிக்கிட்டோம். ஏன் டீச்சர், லேட்டாயிருச்சா?"

நான் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம் என்று பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். வார்த்தை வெளியே வர அவளுக்கு நேரம் பிடிக்கும். நின்றேன்.

"நீங்க... எதுக்கு... வந்தீங்க?" என்றாள். "இன்னிக்கு... செவ்வாக்கெழமைல்ல."

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. நீட்டின கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவர்கள் மூவரும் வேனை நோக்கி நடந்தார்கள், இரண்டு பேர் நடந்தார்கள், ஒருத்தி நடுவில் காலை இழுத்து இழுத்து வைத்தாள். நான் பின்னாலேயே போய், அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.